பழைய சிடி பிளேயரில் கேட்டது நிஜமா, பிரமையா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் வீட்டில், 1980-களின் பிற்பாதியில் வந்த பிலிப்ஸ் சிடி பிளேயர் ஒன்றில் பாட்டு கேட்டிருக்கிறீர்கள். அதே ஆம்ப், அதே ஸ்பீக்கரில் உங்கள் போனைப் புளூடூத்தில் இணைத்து அதே பாட்டைப் போட்டால் சப்பென்று இருந்திருக்கிறது. "பழைய மல்டிபிட் சிப்பின் மகிமை அது, இப்போது வருவதில் அந்த உயிர் இல்லை" என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அதே மாதிரி செட் 28,000 ரூபாய்க்கு விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்பது வேறு என்று படுகிறது. காதில் விழுந்த வித்தியாசம் அந்தப் பெட்டியில் இருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா? இது தெளிந்தால் 28,000-க்கான பதில் தானாக வந்துவிடும்.

நான் 1991-ல் இருந்து ஆடியோ சர்வீஸ் பார்க்கிறவன். சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தேன், இப்போது வீட்டு மாடியில். படித்தது டிப்ளமோதான். சிப் வடிவமைக்கத் தெரியாது, சிப் எப்படிக் கெடும் என்று தெரியும். வயது ஐம்பத்தெட்டு, 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் என் காதுக்கு ஒன்றும் எட்டுவதில்லை. அதனால் மிக மெல்லிய மேல் சுருதி நுணுக்கங்களைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் அலமாரியில் இரண்டு பழைய சிடி பிளேயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குப் பாசம் உண்டு.

சந்தேகமே இல்லாத விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன். சிடியில் இருப்பது எண்கள். ஒரு வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு சேனலுக்கும் 16 பிட். பிலிப்ஸும் சோனியும் 1980-ல் வகுத்த இந்தத் தரம் இன்றுவரை மாறவில்லை. தட்டில் கீறல் விழுந்தாலும் எண்கள் தப்பிக்கிற மாதிரி தரவைக் கலைத்துப் பரப்பி எழுதியிருக்கிறார்கள். தடத்தின் நெடுக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்துபோனாலும் பிளேயர் கணக்குப் போட்டு முழுசாக மீட்டுவிடும். (அதனால்தான் சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைக்க வேண்டும் என்பது. வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடும், அது ஆபத்து.) ஆக, சுத்தமான ஒரு தட்டை 1985-ம் வருஷத்துப் பிளேயர் படித்தாலும், இன்றைய கம்ப்யூட்டர் டிரைவ் ஒழுங்காகப் படித்து ஃபைலாக வைத்தாலும், கிடைப்பது அட்சரம் பிசகாத அதே எண்கள். இந்த இடத்தில் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் கிடையாது. உண்டு என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

"டிஜிட்டல் என்றால் படிக்கட்டு மாதிரி, அனலாக் வளைவு மாதிரி" என்ற படத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பாதிக் கதை. எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப்புக்கு, அதாவது டி.ஏ.சி.க்குப் பின்னால் ஒரு வடிகட்டி உண்டு, படிகளை மழித்து வளைவாக்குவது அதன் வேலை. அதைத் தாண்டி வெளியே வரும் ஒலியை ஆசிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் வழவழப்பான அலைதான் தெரியும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிளேயருக்குப் பிளேயர் வேறுபாடு வரக்கூடிய இடம் அந்த மாற்றமும் வடிகட்டலும்தான். இங்கே வரலாறு சுவாரசியமானது. பிலிப்ஸ் முதலில் 14 பிட் போதும் என்று சிப் தயாரித்து வைத்திருந்தது. சோனி 16 பிட்டில் பிடிவாதமாக நின்று, அதுவே தரமானது. கையில் இருப்பது 14 பிட் சிப், தட்டில் இருப்பது 16 பிட். பிலிப்ஸ் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் கணக்குப் போட்டு மேலும் மூன்றை நுழைத்து, நான்கு மடங்கு வேகத்தில் சிப்புக்குக் கொடுத்தார்கள். மாற்றத்தில் எழும் பிழை இரைச்சல் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளப்பட்டது, 14 பிட் சிப் 16 பிட் வேலையைச் செய்தது. கூடவே ஒரு லாபம், வெளியே செங்குத்தான அனலாக் வடிகட்டி தேவைப்படவில்லை. சோனி 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்ட சிடிபி-101-ல் 16 பிட் சிப் இருந்தது. ஆனால் ஒரே சிப்தான். இடது சேனலுக்கு ஒரு தடவை, வலதுக்கு ஒரு தடவை என்று மாறி மாறி வேலை பார்த்தது. இரண்டுக்கும் இடையே வினாடியில் லட்சத்தில் ஒரு பங்கு தாமதம். குறைவான பிட் வைத்திருந்தவன் புத்திசாலித்தனமாகச் செய்தான், அதிக பிட் வைத்திருந்தவன் முரட்டுத்தனமாகச் செய்தான் என்று எங்கள் மாஸ்டர் சொல்வார்.

உங்கள் நண்பர் கொண்டாடுகிற பழைய மல்டிபிட் சிப், பிலிப்ஸின் டி.டி.ஏ.1541, இதற்கு அடுத்த தலைமுறை, 1985 வாக்கில் வந்தது. நிஜமான 16 பிட், அதே நான்கு மடங்கு வேகம். உள்ளே மின்னோட்டங்கள் துல்லியமாக ஒன்றுக்கொன்று பாதியாக இருந்தால்தான் சிப் சரியாக வேலை செய்யும். அந்தத் துல்லியத்தைக் கொண்டுவருவது பெரிய தலைவலி, பெரிய செலவு. 80-களின் கடைசியில் ஒரு பிட் வகைச் சிப்கள் வந்ததும் அந்தத் தலைவலியே போய்விட்டது. துல்லியமான பாகங்கள் வேண்டாம், வேகம் இருந்தால் போதும். எல்லாக் கம்பெனியும் அந்தப் பக்கம் தாவியது. மலிவாகச் செய்ய முடிந்ததால்தான் தாவினார்கள் என்பது உண்மை. அதில் இருந்து "ஆகவே தரம் குறைந்தது" என்று ஒரு பேச்சு கிளம்பி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அளந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். இன்று ஆயிரம் ரூபாய் சுற்றி விற்கிற, போனில் சொருகும் கட்டை விரல் நீளமுள்ள ஒரு நல்ல டாங்கிள், திரிபிலும் இரைச்சலிலும் அந்தக் காலத்து ராஜா பிளேயர்களைவிடச் சுத்தமான எண்களைக் காட்டும். ஆனால் வீட்டு ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டின் குறைகளையும் காது பிரித்தறியுமா என்றால், முடியாது என்றே நினைக்கிறேன். அதாவது புதுசு ஜெயிக்கிறது, ஆனால் அந்த ஜெயிப்பு உங்கள் காதுக்கு வந்து சேர்வதில்லை.

ஒரு விதிவிலக்கு. பழைய சிப்பை வைத்துக்கொண்டு இடையில் எண்களை நுழைக்கிற அந்த நான்கு மடங்கு வடிகட்டி ஐ.சி.யைக் கழற்றி எறிந்துவிடும் ஒரு மாடிஃபிகேஷன் பிரபலம். அப்படிச் செய்தால் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கும், 10 கிலோஹெர்ட்ஸில் இருந்தே லேசாகச் சரியத் தொடங்கும். கேட்பவர் "மெழுகு மாதிரி மென்மை" என்பார். அது கற்பனை இல்லை, டிரெபிளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆம்பில் இருக்கும் குமிழைத் திருகினாலும் கிட்டத்தட்ட அதேதான், சால்டரிங் கூலி மிச்சம்.

சரி, அப்படியென்றால் உங்கள் காதில் விழுந்தது என்ன? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது சத்த அளவு. சிடி பிளேயரின் வெளியீடு வழக்கமாக 2 வோல்ட். போனோ புளூடூத் ரிசீவரோ பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத் தரும். ஆம்பில் வால்யூமைத் தொடாமல் மாற்றிக் கேட்டால் சிடி கொஞ்சம் உரக்க ஒலிக்கும். ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் கூடுவதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "தெளிவு, ஆழம், உயிர்" என்று சொல்லும். ஆடியோ கடைக்காரர்கள் ஐம்பது வருஷமாகப் பிழைப்பது இந்த ஒரு டெசிபலை நம்பித்தான். இரண்டாவது புளூடூத். ஸ்ட்ரீமிங் ஆப் ஏற்கெனவே சுருக்கிய பாட்டை உங்கள் போன் பிரித்து, புளூடூத்துக்காக இன்னொரு முறை சுருக்குகிறது. சாதாரண எஸ்.பி.சி. முறையில் நல்ல நிலையிலேயே வினாடிக்கு 328 கிலோபிட், சிடியில் 1,411. மொபைல் டேட்டாவில் இருந்து ஆப் தானாகக் குறைந்த தரத்துக்கு இறங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒருமுறை நல்ல தரத்தில் சுருக்கியதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலோருக்குக் கடினம், இரண்டு முறை சுருக்கியதில் சிம்பலும் ஜால்ராவும் கரகரப்பதை நான்கூடக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் கேட்டது ஒரே பாட்டு, ஆனால் ஒரே பதிப்பு இல்லாமல் இருக்கலாம். 1990-களில் இருந்து மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் பாட்டின் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டத்தில், ஒரு போட்டி தொடங்கியது, என் ஆல்பம் உன்னுடையதைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று. மெல்லிய இடங்களை மேலே தூக்கி, உச்சிகளை வெட்டி, எல்லாவற்றையும் கூரையோடு ஒட்டவைத்தார்கள். 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது ரசிகர்களே கொந்தளித்தார்கள். அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் இவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்தன, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். பழைய ஆல்பங்களையும் "ரீமாஸ்டர்" என்ற பெயரில் இப்படி நசுக்கியதுண்டு, ஆப்பில் முதலில் வந்து நிற்பது பல நேரம் அந்த ரீமாஸ்டர்தான். நம் ஊர்ப் பாட்டில் சிக்கல் வேறு மாதிரி. ஒரே இளையராஜா பாட்டு, ஒரு இடத்தில் நல்ல டேப்பில் இருந்து, இன்னொரு இடத்தில் எல்.பி. ரெக்கார்டில் இருந்து, வேறொரு இடத்தில் இரைச்சல் நீக்குகிறேன் என்று மேல் சுருதியையும் சேர்த்து வழித்தெடுத்து, சில சமயம் வேகமே கொஞ்சம் மாறி என்று கிடைக்கிறது. 80-களின் பிற்பாதியில் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட சிடிகளை இன்றும் தேடி அலைகிறவர்கள் இருப்பது சும்மா இல்லை. அவர்கள் தேடுவது பதிப்பை, பிளேயரை இல்லை. உங்கள் நண்பர் போட்ட தட்டு எந்த வருஷத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் தொழில்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு குட்டி விஷயம் உண்டு. 80-களின் சில சிடிகள், குறிப்பாக ஜப்பானில் அச்சானவை, "ப்ரீ-எம்ஃபசிஸ்" போட்டு வந்தவை. டிரெபிளை வேண்டுமென்றே தூக்கிப் பதிந்திருப்பார்கள். 10 கிலோஹெர்ட்ஸில் 7 டெசிபலுக்கும் மேல். தட்டில் அதற்கொரு அடையாளம் இருக்கும், பிளேயர் அதைப் பார்த்துத் தானாகவே கீழே இறக்கிவிடும். அந்தத் தட்டைக் கம்ப்யூட்டரில் சாதாரணமாக ஃபைலாக மாற்றினால் பல மென்பொருள்கள் இந்த இறக்கத்தைச் செய்வதில்லை. பாட்டு ஊசி மாதிரிக் குத்தும். "பார்த்தாயா, சிடி பிளேயரில் இதமாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் கடுமையாக இருக்கிறது" என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர் காது சரி, காரணம்தான் வேறு.

இதையெல்லாம் நானே நம்பாமல் ஒரு நாள் வீட்டில் சோதித்தேன். ஒரே தட்டு. ஒரு பக்கம் என் பழைய டி.டி.ஏ.1541 பிளேயர், மறு பக்கம் அந்தத் தட்டில் இருந்தே எடுத்த ஃபைல், லேப்டாப், ஆயிரம் ரூபாய் டாங்கிள். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியில் இரண்டின் அளவையும் சமப்படுத்தினேன். (மலிவு மல்டிமீட்டர் அதற்கு மேல் பொய் சொல்லும்.) என் மனைவி திரைக்குப் பின்னால் நின்று ஸ்விட்சை மாற்றினார். இருபது தடவையில் நான் சரியாகச் சொன்னது பதினொன்று. கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பேன் என்று வந்த நண்பர் ஒன்பது. நாணயத்தைச் சுண்டினாலும் பத்து வரும். அப்புறம் அவருக்குத் தெரியாமல் சிடியை ஒன்றரை டெசிபல் மட்டும் ஏற்றினேன். இருபதில் பதினெட்டு! "இப்போதான் உயிர் வருது" என்றார். இரண்டு பேர், ஒரு மாலை, ஒரு ஹால். இதை ஆராய்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். நல்ல அறையில், இளம் காதுகளோடு வேறு முடிவு வரலாம்.

உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் இருக்கிறது. சிடிக்கு மேற்பட்ட ஹை-ரெஸ் ஒலி காதுக்குத் தெரியுமா என்பதில் 2007-ல் மேயர், மோரன் இருவரும் செய்த சோதனையில், ஹை-ரெஸ் ஒலியை 16 பிட், 44.1 வழியாகச் செலுத்தியும் செலுத்தாமலும் போட்டுக் காட்டினார்கள். 554 தடவையில் 276 சரி, கிட்டத்தட்ட பாதி. 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் அதிகம். ஆக "ஒன்றுமே இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது, "வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்" என்பவரையும் நம்ப முடியாது. ஜிட்டர் எனப்படும் நேரத் தடுமாற்றமும் அப்படித்தான். கருவியில் அளக்க முடியும், மிக மோசமான செட்டில் கேட்கவும் முடியலாம், ஒழுங்கான செட்டில் கேட்கிறது என்பவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நிரூபித்து நான் பார்த்ததில்லை.

ஒலியில் இவ்வளவு குறைவான வித்தியாசம்தான் என்றால் நான் ஏன் இரண்டு பிளேயர் வைத்திருக்கிறேன்? உள்ளே திறந்து பார்த்தால் தெரியும். அந்தக் காலத்து பிலிப்ஸ் மெக்கானிசத்தில் லேசர், தண்டவாளத்தில் ஊர்ந்து போகாது. கிராமபோன் கை மாதிரி ஒரு குட்டிக் கை, வில் வடிவில் வீசி வீசித் தடத்தைப் பிடிக்கும். பல் சக்கரம் கிடையாது, தேய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஆரம்ப கால மாடல்களில் வார்ப்பு உலோகச் சட்டம், கண்ணாடி லென்ஸ். 1.6 மைக்ரான் இடைவெளியில் ஓடும் தடத்தை, நிமிஷத்துக்கு 500 சுற்றில் தொடங்கி 200-க்கு இறங்கும் தட்டில், அந்தக் கை பிடித்துக்கொண்டு போவதை மூடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. அப்புறம், கேட்கும் விதம். தட்டைப் போட்டால் எழுந்து போய் மாற்றச் சோம்பல், அதனால் மூன்றாவது பாட்டையும் கேட்கிறோம். நடுவில் வாட்ஸப் மணி அடிக்காது. 80 நிமிஷத்துக்குள் எப்படியும் முடிந்துவிடும். போனில் நான் ஒரு முழு ஆல்பத்தைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இப்போது 28,000. இந்தப் பிளேயர்களுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அந்தக் கால பிலிப்ஸ் போர்டுகள் சிலவற்றில் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் இணைக்கச் சின்ன உலோக ரிவெட் போட்டிருப்பார்கள். அவற்றில் டிரை சால்டர் விழும், அதாவது பற்றவைப்பு விட்டுப்போகும், தட்டு சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஒவ்வொன்றையும் கம்பி நுழைத்துப் பற்றவைப்பது அரை நாள் வேலை. லேசரைக் கட்டுப்படுத்தும் சர்வோ போர்டின் நீல நிற கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். நம் கடற்கரை ஊர்களில் லென்ஸில் பூஞ்சை படியும். அதைப் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மென்மையாகத் துடைத்தால் போதும். ஆனால் தட்டு படிக்கவில்லை என்றதும் லேசர் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை ஏற்றிவிடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒரு மாதம் ஜோராக ஓடும், பிறகு லேசர் செத்துவிடும், மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு. சிப்பின் மேல் கிரீடம் அச்சடித்த "தேர்ந்தெடுத்த" 1541 என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் ஜாக்கிரதை, போலி கிரீடம் நிறைய உலவுகிறது. ஜப்பான் உள்நாட்டு செட் என்றால் 100 வோல்ட். ஒருவர் ஆசையாக வரவழைத்து நேரே நம் 230-ல் சொருகி, புகையோடு என்னிடம் கொண்டுவந்தார்.

என் யோசனை இதுதான். முதலில் ஒரு டாங்கிள் வாங்கி, போனை ஒயரில் ஆம்பில் சேருங்கள். ஆப்பில் தரத்தை உச்சத்தில் வையுங்கள். நண்பரிடம் அதே தட்டை ஒரு நாள் இரவல் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். வித்தியாசம் போய்விட்டால் உங்களுக்கு வேண்டியது நல்ல பதிப்புகள். பழைய சிடிகள் இன்னும் நூறு, இருநூறுக்குக் கிடைக்கின்றன. வாங்கும்போது லேபிள் பக்கத்தைப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித்துளை தெரியக் கூடாது, விளிம்பில் வெண்கல நிறம் ஏறியிருக்கக் கூடாது. பிரதிபலிக்கும் படலம் அந்தப் பக்கம்தான் மெல்லிய அரக்குக்கு அடியில் இருக்கிறது. அங்கே கீறினால் மீட்பு இல்லை.

வித்தியாசம் போன பிறகும் அந்தப் பெட்டி மேல் ஆசை போகவில்லை என்றால், அதுவும் நியாயமான ஆசைதான், வாங்குங்கள். ஆனால் 28,000-க்கு வேண்டாம். சர்வீஸ் செய்த ஆதாரத்தோடு, உங்கள் கண் முன்னால் ஒரு நீளமான தட்டின் கடைசிப் பாட்டு வரை தடுக்காமல் ஓடினால் பாதி விலை வரை போகலாம். கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும், முதலில் திக்குவது பெரும்பாலும் அங்கேதான். எடுத்துக்கொண்டு வரும்போது பெட்டிக்கு அடியில் டிரான்சிட் ஸ்க்ரூ, அதாவது பயணத்தில் மெக்கானிசத்தை அசையாமல் பிடிக்கும் திருகு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முடுக்கிவிட்டு பஸ் ஏறுங்கள், வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் தளர்த்திவிட்டுப் பிறகு தட்டைப் போடுங்கள். தளர்த்தாமல் போட்டுவிட்டு "ஏமாந்துவிட்டேன்" என்று எனக்குப் போன் செய்தவர்கள் எத்தனையோ பேர்.